ரப்பர் மாப்பிள்ளை

கலாராணி வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள் என்று தேயிலைத் தோட்டத்து லயமே, அந்த வரிசை வீட்டுச் சனமெல்லாம், சொல்லிச் சிரிக்கும். ஒருவர் புவனேந்திரன், தாலி கட்டியவர். அணைக்கட்டுகளில் தண்ணீருக்கு அடியில் போய் இரும்புக் கதவும் கம்பி வலையும் பழுது பார்ப்பது அவர் தொழில். மற்றவர் அவர்கள் குடியிருந்த ஒற்றையறைக் காம்பராவின் உள்சுவரில், தடித்த மரச்சட்டம் ஒன்றில், கையும் காலும் சப்பாத்துமாகத் தொங்கிக்கொண்டிருப்பார். கறுப்பு நிறம். தலை கிடையாது. அதுதான் கண்ணுகளா, புவனேந்திரனின் டிரைசூட். குளிர்ந்த ஆழத்தில், உடம்பில் சொட்டுத் தண்ணீர் படாமல் வேலை செய்யப் போடுகிற உடுப்பு.

"மொதப் புருஷனுக்கு ஒரு நாளாச்சும் பவுடர் போட்டிருப்பியாடி? ரெண்டாவது புருஷனுக்கு மட்டும் கழுத்துலயும் கையிலயும் பூசிப் பூசி விடுற" என்பாள் பக்கத்துக் காம்பரா இராக்கம்மா.

"இவரு கிழிஞ்சா அவரும் போயிருவாருக்கா. அதான்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அது விளையாட்டு இல்லை.

அந்த உடுப்பை வெளியூரிலிருந்து வரவழைத்தபோது புருஷனும் பெண்சாதியும் நாள்கணக்கில் சண்டை போட்டார்கள். ஜிப்பை நெஞ்சுப் பக்கம் வைக்கச் சொல்வதா, முதுகுப் பக்கமா?

"முன்னால வச்சா நீங்களே பூட்டிக்கலாமுல்ல?"

"முன்னால வச்சா குனியுற எடமெல்லாம் ஜிப்பும் சேர்ந்து மடங்கும். முதுகுல தோளுக்குக் குறுக்கால வச்சா மடங்காது. நீ பூட்டி விடு."

"நான் இல்லாத எடத்துல?"

"நீ இல்லாத எடத்துல நான் ஏன் எறங்குறேன்?"

அதற்கு மேல் அவள் என்ன பேசுவாள்? முதுகு ஜிப்தான் வந்தது. அன்றிலிருந்து அவர் இறங்குகிற இடமெல்லாம் கரையில் நின்று கயிறு பிடிப்பவளும் அவளே ஆனாள்.

கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் மெல்லிய ரப்பர் வளையம் கேட்டு வாங்கினார். சிலிக்கோனிலும் கிடைக்கும். ஆனால் ரப்பர் கிழிந்தால் வீட்டிலேயே பசை போட்டு ஒட்டலாம் என்பது அவர் கணக்கு. தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாமல் நிற்பது அந்த வளையம்தான். அதற்கு வெயில் ஆகாது, அனல் ஆகாது, எண்ணெய் ஆகவே ஆகாது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி, நைந்து, நனைந்த அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

ஆகவே ஒவ்வொரு வேலை முடிந்ததும் கலாராணி நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டு, வாசனை இல்லாத பவுடரைப் பதுளை டவுனில் கடை கடையாகத் தேடி வாங்கி வளையங்களில் பூசுவாள். ஜிப்பின் பல்லுக்கு மெழுகுவர்த்தி தேய்ப்பாள். மழைக்காலத்தில் இராக்கம்மா, "அடுப்புக்கு மேல கட்டி விடுடி, சுருக்கா காஞ்சிரும்" என்றால், "அது காயணும்க்கா, வேகக்கூடாது" என்பாள். தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் அந்தப் பக்கமே போக மாட்டாள்.

இத்தனை பத்திரமாக வைத்திருந்த உடுப்புக்குத்தான் அந்த மார்கழி மழையில் வந்தது வினை.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் அது. லயங்களுக்கு மேலே, மலை மடிப்பில், வெள்ளைக்காரன் காலத்து மண் அணை. விடாமல் பெய்த மழையில், நிழலுக்கு நட்ட சவுக்கு மரம் ஒன்று வேரோடு சாய்ந்து குளத்துக்குள் இறங்கி, மதகின் வாயை அடைத்துக்கொண்டது. தண்ணீர் வெளியேற வழியில்லை. அணையின் முதுகைத் தொட ஒரு முழம்கூட இல்லை. வழியில் மண் சரிந்து கிடந்ததால் இயந்திரம் எதுவும் மேலே வர முடியாது. கீழே லயத்துச் சனம், நடக்க முடியாதவர்களைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

லீவில் வந்திருந்த புவனேந்திரன் மேலே போய்ப் பார்த்துவிட்டு, "கிளைய அறுத்து விட்டா மதகு தொறக்கும்" என்றார். "ஆனா தண்ணி ஐஸ் மாதிரி கெடக்கு. வெறும் ஒடம்போட போனா பாதி வேலையிலயே வெறைச்சிரும்."

ரப்பர் மாப்பிள்ளை கொழுந்துச் சாக்கில் மலை ஏறினார்.

அணையோரத்தில் மதகுக் காவல்காரர் தம்பையாவின் தகரக் குடில். எழுபது தாண்டிய மனிதர். உடுப்பை அங்கே கொடியில் மாட்டிவிட்டு, இருவரும் அவரைக் கூப்பிடாமலே மதகு மேடைக்குப் போனார்கள். அங்கிருந்து தண்ணீரைப் பார்த்தபடி புவனேந்திரன் சொன்னார்: "மதகுக் கதவு இப்ப எறக்கித்தான் இருக்கு. அப்படியே இருக்கட்டும். நான் கரையேறின பொறகுதான் சக்கரத்தத் திருப்பணும். அதுக்கு முன்னால தொறந்தா, தண்ணி என்னையும் சேர்த்து வாய்க்குள்ள இழுத்துரும். வெளங்குச்சா?"

"வெளங்குச்சு" என்றாள்.

திரும்பி வந்து உடுத்தினார்கள். கம்பளி உள்ளாடைக்கு மேல் சூட். தலையைக் கழுத்து வளையத்துக்குள் நுழைக்கையில் மண்ணெண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது. அந்தக் குடிலே மண்ணெண்ணெய்தான் நாறியது. குப்பி விளக்கு, அடுப்பு, தம்பையாவின் வேட்டி, எல்லாம். மழையில் அவள் விரல்கள் ஈரமாயிருந்தன. வளையம் வழுக்கியதை மழை என்றே நினைத்தாள். முதுகு ஜிப்பைக் கடைசிப் பல் வரை இழுத்து, வழக்கம்போல் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"போயிட்டு வாங்க."

முதுகில் காற்றுச் சிலிண்டரும், அமிழ்வதற்கு இடுப்பில் ஈயப் பட்டையும் மாட்டி, கையில் வாளோடு அவர் இறங்கினார். இடுப்புக் கயிறு அவள் கையில். ஒரு இழுப்பு என்றால் நலம். மூன்று என்றால் மேலே வா. வேறு பேச்சு இல்லை.

தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. ஒன்றும் தெரியாது, குமிழி மட்டும் தெரியும். மூச்சு விடுகிற குமிழி கொத்துக் கொத்தாக வரும். ஒரு கொத்து, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு கொத்து. கலாராணிக்கு அது புருஷன் பக்கத்தில் படுத்து மூச்சு விடுவது மாதிரி. அறுபட்ட கிளைகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன.

தம்பையா சக்கரத்தில் கை வைத்தபடி நின்றார். தன் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவளைத் தேற்றுவது போலச் சொன்னார்:

"பயப்படாத தாயி. இந்தக் கொளத்தங்கர முழுக்க அட்டைதான். ஆனா தம்பிக்கு ஒன்னும் அண்டாது. நீங்க அங்கிட்டுப் போனப்ப நான் நல்லாத் தடவி விட்டுட்டேன்ல."

"என்னத்த மாமா?"

"அட்டை எண்ணெய்தான். தேங்கா எண்ணெயில மண்ணெண்ணெயும் பொகையிலையும் போட்டு ஊற வச்சது. உள்ள பூந்துருமோன்னு கழுத்துலயும் ரெண்டு கையிலயும் பட்டையாப் போட்டேன்."

கலாராணிக்குக் காது அடைத்துப்போனது. மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

கயிற்றை மூன்று முறை இழுத்தாள்.

சற்றுப் பொறுத்து, கீழிருந்து ஒரே இழுப்பு வந்தது. நலம். கடைசிக் கிளையில் இருக்கிறார் போலும். விட்டுவிட்டு வர மனசில்லை.

மறுபடி மூன்று. இன்னும் வலுவாக. பதில் இல்லை. பலவந்தமாக இழுக்கவும் பயம். கிளைகளுக்குள் கயிறு சிக்கினால்?

அப்போதுதான் குமிழி மாறியது. கொத்தும் இல்லை, இடைவெளியும் இல்லை. பானை கொதிப்பது போல் ஒரே பொங்கலாகப் பொங்கி மேலே வந்து, அடங்கியது. மூச்சுக் காற்று இல்லை அது. உடுப்புக்குள் இருந்த காற்று. கழுத்து கிழிந்துவிட்டது.

"முருகா" என்றாள். அவ்வளவுதான் வந்தது வாயில்.

கயிறு துடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. வருகிறேன் என்கிறார். அவள் காலை மண்ணில் ஊன்றி, கையெட்டக் கையெட்ட இழுத்தாள். உள்ளங்கை தோல் உரிந்தது தெரியவில்லை. அணையின் கருங்கல் சரிவைப் பற்றிப் பற்றி அவர் தலையை மேலே நீட்டினார். உதடு நாவல்பழ நிறம்.

"அ...அறுத்துட்டேன்" என்றார். பல் தந்தியடித்தது. "கிளை போச்சு. ஆனா உள்ள பூராத் தண்ணி. காலத் தூக்க முடியல."

"ஈயப் பட்டையக் கழட்டிப் போடுங்க. சிலிண்டரையும் விடுங்க."

கழற்றினார். தண்ணீருக்குள் இருக்கும்வரை உள்ளே புகுந்த தண்ணீருக்குக் கனம் இல்லை, பிள்ளைகளே. கரையில் கால் வைத்ததும் அத்தனை கனமும் மனிதன் மேல் இறங்கிவிடும். ஒரு காலைக் கல்லில் வைத்து எழப் பார்த்தார். தண்ணீர் நிறைந்த காற்சட்டை யானைக்கால் போல் உப்பிக்கொண்டு அவரைத் திரும்பக் கீழே சரித்தது.

அணையின் அந்தப் பக்கமிருந்து கணபதி கங்காணி ஓடி வந்தார். கையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி.

"அந்த மூலையில வழிய ஆரம்பிச்சிருச்சு! மண்ணு கரையுது! சக்கரத்தத் திருப்புங்க மாமா!"

தம்பையாவின் கை சக்கரத்தில் இறுகியது.

"திருப்பினீங்க, கைய முறிச்சிருவேன்!" கலாராணி கத்தியது கீழே கோயில் வரை கேட்டதாகச் சொல்வார்கள். "எம் புருஷன் மதகு வாயில கெடக்காரு!"

"பிள்ள, லயம் போயிரும்!" என்றார் கணபதி.

"தெரியும்! வந்து பிடிங்க!"

கணபதியும் அவளும் புவனேந்திரனின் தோளைப் பிடித்து இழுத்தார்கள். சேறு வழுக்கியது. கணபதி விழுந்தார். புவனேந்திரனின் கை சில்லிட்டு, பிடி தளர்ந்துகொண்டே வந்தது. தாடை தண்ணீரைத் தொட்டது.

கலாராணி ஒரு கணம் அந்த உடுப்பைப் பார்த்தாள். மடித்தால் கோடு விழும் என்று மடிக்காமல் தொங்கவிட்ட உடுப்பு. அது இல்லாவிட்டால் அவருக்கு ஆழத்து வேலை இல்லை. அதுவும் தெரியும்.

சேற்றில் கிடந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்தாள்.

"அண்ணே, அவர் கையை மட்டும் விடாதீங்க." கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, சரிவில் மார்பளவு தண்ணீருக்குள் இறங்கினாள்.

"கலா... வெட்டாத" என்றார் அவர். அந்த நிலைமையிலும். "ஒட்ட முடியாது..."

"வாய மூடுங்க."

அவருடைய ஒரு காலைத் தூக்கித் தன் தொடை மேல் வைத்தாள். கெண்டைக்காலுக்குக் கீழே துணியைக் கிள்ளிப் பிடித்து, கத்தி முனையை வெளிப்பக்கமாகத் திருப்பிக் கிழித்தாள். இழுத்த இழுப்புக்கு முழங்கால் வரை பிளந்தது. மற்றக் காலையும் அப்படியே.

"இப்ப இழுங்க அண்ணே!"

அவர் உடம்பு தண்ணீரை விட்டு மேலே வர வர, பிளந்த இரண்டு கால்களின் வழியாகத் தண்ணீர் குழாயடிப் பீலி போலக் கொட்டியது. கொட்டக் கொட்டக் கனம் குறைந்தது. கீழிருந்து அவள் தள்ள, மேலிருந்து கணபதி இழுக்க, புவனேந்திரன் வயிற்றால் ஊர்ந்து புல்லில் விழுந்தார். அவள் பின்னாலேயே ஏறி அவர் மேல் விழுந்தாள்.

"மாமா! திருப்புங்க!"

சக்கரம் முனகியது. கணபதியும் ஓடிப்போய்க் கை கொடுத்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடிவயிற்றில் உறுமுவது போல் ஒரு சத்தம். அணைக்கு அந்தப் பக்கம் ஓடையில் தண்ணீர் வெள்ளையாகப் பீறியது. மூலையில் வழிந்த தண்ணீர் மெல்ல மெல்ல மெலிந்து, நின்றது.

குடிலுக்குள் தூக்கிப்போய், முதுகு ஜிப்பை அவள் திறந்தாள். மெழுகு தேய்த்த பல் ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு திறந்தது. அதற்குத்தான் அழுகை வந்தது அவளுக்கு, அதுவரை வராத அழுகை.

சாக்கும் கம்பளியும் போர்த்தி, பாலில்லாமல் தேயிலையும் இஞ்சியும் போட்ட சாயத் தண்ணீரை ஊதி ஊதிக் கொடுத்தாள். மெல்ல மெல்ல நடுக்கம் அடங்கியது. தம்பையா பக்கத்தில் குந்தி, புவனேந்திரனின் கழுத்தையும் மணிக்கட்டையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா தாயி, ஒரு அட்டைகூட ஏறல."

கணபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. புவனேந்திரன் கிழிந்த வளையத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு பெண்சாதியின் முகத்தைப் பார்த்தார். அவள் கால் இரண்டிலும் அட்டைகள் கறுப்பாக உப்பிக்கொண்டிருந்தன. அவள் கவனிக்கவே இல்லை.

தம்பையா மறுபடி எடுத்த அட்டை எண்ணெய்ப் போத்தலை அவள் மெதுவாக வாங்கி, தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, அந்த ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. பட்டா கிழிஞ்சிரும். அதான் கிழிஞ்சிச்சு."

தம்பையா அந்தக் கிழிந்த வளையத்தை வாங்கி விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இனிமே எனக்குத் தடவி விடுங்க" என்று காலை நீட்டினாள் கலாராணி. "அவருக்கு வேணாம்."