வெள்ளிக்கிழமை மதியத்துக் குக்கிகள்

சமையலறைக்குத் திரைச்சீலை தேடிக்கொண்டிருந்தேன். திரையின் வலது ஓரத்தில் ஒரு காது வந்து நின்றது. நல்ல பெரிய, இளஞ்சிவப்புக் காது. அதன் மடலுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு கருவி. 'மறுபடியும் கேளுங்கள்' என்று கீழே எழுதியிருந்தது. அதை மூடிவிட்டு வானிலை பார்க்கப் போனேன், அங்கேயும் அதே காது. மந்திக் கொழுக்கட்டை செய்முறை தேடினால் மாவுக்கும் கறிக்கும் நடுவே அது வந்து உட்கார்ந்துகொண்டது.

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கில் ஒரு சின்ன அலுவலகத்தில் வலைத்தளம் கட்டுவது என் பிழைப்பு. எந்தத் தளத்தைத் திறந்தாலும் கீழேயிருந்து ஒரு பெட்டி எழும்பி, நாங்கள் குக்கி வைக்கிறோம், சம்மதமா என்று கேட்கும். நீங்களும் படிக்காமல் 'சரி' என்று அமுக்குவீர்கள். அந்தப் பெட்டியை எழுதுகிற புண்ணியவதிகளில் நானும் ஒருத்தி. அதனால் காதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வரவில்லை, மூக்கில் அரிப்புதான் வந்தது. விளம்பரம் சும்மா துரத்தாது. இந்த வீட்டில் யாரோ காதுக் கருவி தேடியிருக்கிறார்கள். யார்?

வீட்டில் நான்கு பேர். நான், என் கணவன் மக்சாத், மாமியார், மாமனார். மாமியாரை அபா என்றும் மாமனாரை அத்தா என்றும் கூப்பிடுவேன். நால்வருக்கும் பொதுவாகக் கூடத்தில் ஒரு கணினி. போய்வந்த பக்கங்களின் பட்டியலைத் திறந்தேன். துடைத்து வைத்த தட்டுப் போல இருந்தது. யாரோ சாமர்த்தியமாக அழித்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சாமர்த்தியம் பாதி வழியில் நின்றுவிட்டது, குக்கிகளை அழிக்கவில்லை.

குக்கி ஒன்றும் பெரிய மாயமில்லை. ஒரு கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரன் உங்கள் பெயரைக் கேட்பதில்லை. ஓர் எண்ணைச் சீட்டில் எழுதி உங்கள் பையிலேயே போட்டு அனுப்புகிறான். அடுத்த முறை போனால் பையைப் பார்க்கிறான்: ஓ, எண்பத்தெட்டு நாற்பத்தொன்றா, போன தடவை நீலப் போர்வையைப் புரட்டிப் பார்த்தாயே. அதுவரை உபகாரம்தான், கூடையில் போட்டது கூடையிலேயே இருக்கும். ஆனால் அதே கடை வாசலில் விளம்பரத் தரகன் ஒருவனும் நிற்கிறான். அவனும் தன் சீட்டைப் பையில் போடுகிறான். அவன் ஒரு கடை வாசலில் மட்டும் நின்றால் பரவாயில்லை, ஆயிரம் கடை வாசலிலும் அவனே நிற்கிறான். எங்கே போனாலும் பையைத் துழாவுகிறான்.

எங்கள் பையை நானும் துழாவினேன். காதுக் கருவிக் கடைகள் மூன்றின் சீட்டுகள் கிடைத்தன, ஒரு தரகனுடையதும். எல்லாம் போன வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கும் இரண்டரைக்கும் இடையில் விழுந்தவை.

அந்த நேரத்தில் நான் அலுவலகத்தில். மக்சாத் வங்கியில். அபா வெள்ளிக்கிழமைதோறும் தங்கை வீட்டில். ஜும்மா முடித்து வீட்டுக்கு வந்து, ஆறிய சோற்றைத் தின்றுவிட்டுப் பட்டறைக்குத் திரும்புகிறவர் ஒருவர்தான்.

அத்தாவின் பெயரை இங்கே எழுத மாட்டேன். மாமனார் பெயரை மருமகள் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை, எழுதினாலும் கை கூசும். கார்ச் சந்தையில் அவருக்குக் 'காது உஸ்தா' என்று பட்டம், உஸ்தா என்றால் கைதேர்ந்த தொழிலாளி. பழைய ஜப்பான் வண்டிகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். உஸ்தா திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் வைப்பார், பிடியைக் காதில் ஒட்டுவார், கண்ணை மூடுவார். மூன்றாவது வால்வு என்பார். திறந்து பார்த்தால் மூன்றாவது வால்வாகத்தான் இருக்கும். கருவிகள் வைத்துக் கணக்குச் சொல்லும் பெரிய பட்டறைக்காரர்களே ரகசியமாக அவரிடம் வண்டி அனுப்புவார்கள்.

அந்தக் காது போய்க்கொண்டிருந்தது. பத்து நாளைக்கு முன் ஒரு வாடகைக் கார்க்காரனிடம் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். கணவாய் ஏறும்போது அது இறுகி நின்றுவிட்டது. அவன் திரும்பி வந்து சந்தை நடுவில் வைத்துக் கத்தியதாக மக்சாத் சொன்னான். வயதானால் ஒரு தடவை தப்புவதுதான் என்று அப்போது நினைத்தோம். அது ஒரு தடவைத் தப்பு இல்லை என்று கணினி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு இப்போது புரிந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஆறு வருடமாக நான் ஏதாவது சொன்னால் அத்தா பதில் சொன்னதில்லை. தேநீர் வேண்டுமா என்றால் சுவரைப் பார்ப்பார். மாமனார் முன்னால் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும் என்று எங்கள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் பதில் சொல்லாததால் நான் இன்னும் தாழ்த்தினேன். என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி எத்தனையோ நாள் குளியலறையில் அழுதிருக்கிறேன்.

மக்சாத்திடம் சொன்னேன்.

"போய்ப் பேசு. உன் அப்பாதானே."

"என்னன்னு பேசறது? அத்தா, உங்களுக்குக் காது செவிடுன்னா? அந்தத் திருப்புளியாலயே என் மண்டையப் பொளப்பாரு."

"அப்ப நான் பேசட்டுமா?"

"நீயா? நீ பேசினா அவருக்குக் கேக்கவே கேக்காது, பயப்படாம பேசு," என்று சிரித்தான். சிரித்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது.

அடுத்த வாரம் விளம்பரம் மாறியது. கருவி போய், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு தாடிக்காரர் வந்தார். மலை மூலிகைக் காதுத் தைலம், மூன்று சொட்டு, மூன்று நாள், கேட்காத காது கேட்கும். தரகன் நல்லவனுக்கும் விற்பான், புரட்டனுக்கும் விற்பான். காதைப் பற்றிக் கவலைப்படுகிற வீடு ஒன்று இருக்கிறது, யாருக்கு வேண்டும் என்பதே அவன் வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை காலை அத்தா இடது காதில் பஞ்சோடு சாப்பிட வந்தார். பஞ்சின் ஓரம் பச்சையாக இருந்தது, காதுமடல் சிவந்து வீங்கியிருந்தது. காற்று பட்டுவிட்டது என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே பேச முடியாது, சரி. தரகனை வைத்தே பேசுகிறேன் என்று உட்கார்ந்தேன். தைலக்காரனின் சீட்டுகளை எல்லாம் அழித்தேன். நகரத்தில் உண்மையான மருத்துவர்கள் இருக்கிற ஒரு செவி மையத்தின் தளத்தைத் திறந்தேன். கீழே பெட்டி எழும்பியது. வாழ்நாள் முழுக்க 'மறுக்கிறேன்' என்றே அமுக்குகிற நான், அன்று 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்று அமுக்கினேன். இலவசப் பரிசோதனைப் பக்கத்தை நாலு தடவை திறந்தேன், மருத்துவர்கள் பட்டியலைப் படித்தேன், விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி அப்படியே விட்டேன். பாதியில் விட்டவனை விடாமல் துரத்துவதே அவர்கள் தொழில்.

மறுநாள் கணினியில் எங்கே பார்த்தாலும் செவி மையம். வெள்ளிக்கிழமை மதியம் அத்தா பார்ப்பார், தானாகவே தோன்றியது என்று நினைப்பார், யாருக்கும் தெரியாமல் போய் வருவார். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

குக்கிக்கு ஆள் தெரியாது என்பதை ஊருக்கெல்லாம் விளக்குகிற நான் அதை மறந்துபோனேன். எண்பத்தெட்டு நாற்பத்தொன்று அத்தா மட்டுமில்லை, அந்த நாற்காலியில் உட்காருகிற எல்லோரும்தான். காலையில் தொடர் பார்க்க அதில் உட்காருகிறவர் அபா.

மூன்றாம் நாள் தேநீர்க் கிண்ணத்தை என் முன்னால் டக்கென்று வைத்தார்.

"ஏம்மா குல்சைரா, எனக்குக் காது கேக்கலன்னு உனக்கு யார் சொன்னா?"

"நான் எப்ப அபா சொன்னேன்?"

"நீ சொல்லல, உன் பொட்டி சொல்லுது. நாயகிக்கு விஷம் வைக்கப் போறாங்க, அந்த நேரம் பாத்து 'காதைச் சோதியுங்கள்'ங்குது. மூணு நாளா. பக்கத்து வீட்டுக்காரி உக்காந்திருக்கும்போதும். என் மானம் கப்பலேறிப் போச்சு."

கடைக்காரன், சீட்டு, தரகன் எல்லாவற்றையும் சொன்னேன். அபா ரொட்டியில் கய்மாக் பாலேட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்தத் தரகனுக்கு நான் யாருன்னு தெரியாது?"

"தெரியாது. பேர் தெரியாது, நம்பர் மட்டும்தான்."

"பேரச் சொல்லாது, ஆனா ஆள மறக்காது. மருமக மாதிரி."

"கிட்டத்தட்ட," என்றேன்.

"ஆனா சும்மாவா துரத்துவான்? யாராச்சும் மொதல்ல போய்ப் பாத்திருக்கணும்ல."

மாட்டிக்கொண்டேன். "ஆமா, அபா."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல."

அபா கத்தியைக் கீழே வைத்தார். விரிப்பில் விழுந்த ரொட்டித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார். "அந்தப் பஞ்சு காத்துக்கு வச்சதில்ல," என்றார், தனக்குள்ளே. அப்புறம் எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நால்வரும் சாப்பிட உட்கார்ந்தோம். அபா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அத்தாவின் வலது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, வழக்கம்போல உரத்த குரலில் சொன்னார்:

"எனக்குக் காது சரியாக் கேக்கல. செவி மையத்துக்குப் போகணும். நீங்க கூட வரணும்."

அத்தா கரண்டியை நிறுத்தினார். "உனக்கா? நல்லாத்தானே கேக்குது."

"என்ன சொன்னீங்க?"

"நல்லாத்தானே கேக்குதுன்னேன்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க," என்றார் அபா, முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல்.

மக்சாத் தட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான். நான் அபாவையே பார்த்தேன். எப்போதும் அத்தாவின் வலது பக்கம் உட்கார்ந்து, எப்போதும் உரக்கப் பேசி, விருந்தாளி கேட்டதை அவருக்காக ஒருமுறை திருப்பிச் சொல்லி, எத்தனை வருடமாக இதை மூடி வைத்திருந்தாரோ. சண்டைக்காரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மையத்துக்குப் போனோம். பதிவு செய்தது நான் என்பதால் நானும் கூட. பெயர் கூப்பிட்டதும் அபா மருத்துவப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. மொதல்ல இவரை உள்ள வச்சுப் பாரு. அவருக்கு வலிக்கலன்னா நான் வரேன்."

அந்தப் பெண் அத்தாவின் பஞ்சைப் பார்த்தாள், அபாவைப் பார்த்தாள். "சரி, பெரியவரே, நீங்க மொதல்ல வாங்க, அம்மாவுக்குத் தைரியம் வரட்டும்," என்று கண்ணாடிக் கூண்டுக்குள் கூட்டிப்போனாள்.

நாற்பது நிமிடம் ஆனது. கூண்டுக்குள் அத்தா பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் அழுத்த வேண்டிய பொத்தானைக் கையில் வைத்திருந்தார். பெரும்பாலான நேரம் அழுத்தவில்லை. அந்தப் பெண் திரையில் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். அபா வெளியே நின்று அந்தக் கட்டைவிரலையே பார்த்தபடி இருந்தார். அது அசையும் போதெல்லாம் மூச்சு விட்டார்.

வலது காதில் பாதி மிச்சம். இடதில் அதுவும் இல்லை, தைலம் வேறு புண்ணாக்கியிருந்தது. புண் ஆறட்டும், அப்புறம் கருவி வைக்கலாம், பட்டறை வேலையை விட வேண்டாம், ஆனால் திருப்புளியை நம்புவதற்கு முன் காது பழக வேண்டும் என்றாள். அத்தா அபாவைப் பார்த்தார். "உன் முறை," என்றார். "எனக்கு இப்ப சரியாயிடுச்சு," என்றார் அபா.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை, காதுகளில் கருவியோடு அத்தா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் கடந்து போகும்போது, "குல்சைரா, இங்க வா," என்றார். என் பெயரை அவர் வாயால் கேட்டது எத்தனை முறை என்று விரல்விட்டு எண்ணலாம்.

"இது இன்னும் எனக்குக் காது விக்குது. நான் இங்க வந்ததையே மறக்க வைக்க முடியுமா?"

பக்கத்தில் நின்று, என் வழக்கமான குரலில், எங்கே அமுக்குவது என்று சொன்னேன். நம் பையில் இருக்கிற சீட்டுகள் போய்விடும், தரகர்கள் தங்கள் புத்தகத்தில் எழுதிக்கொண்டது போகாது, அது என் கைக்கு எட்டாது என்றும் சொன்னேன். இனி பெட்டி கேட்டால் மறுக்கிறேன் என்று அமுக்குங்கள் என்றேன். திரும்பக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. சொன்ன இடத்தில் அமுக்கினார்.

பிறகு நாற்காலியைத் திருப்பினார்.

"நீ எப்பவும் இவ்ளோ மெதுவாத்தான் பேசுவியா?"

"ஆமா, அத்தா."

"இந்த வீட்டுக்கு வந்ததுலருந்தா?"

"வந்ததுலருந்து."

என் முகத்தைப் பார்த்தார். "உதட்ட அசைப்ப. சத்தம் வராது. என்னோட பேசவே பிடிக்காம, ஒப்புக்கு வாய அசைக்கிறன்னு நெனச்சேன். அதான் நானும் சுவரப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை.

"சொல்லு," என்றார்.

"என்ன சொல்ல, அத்தா?"

"எதையாவது. அந்தத் தரகனப் பத்தியே சொல்லு."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன், கடைக்காரனை, சீட்டை, பையை. குரலை உயர்த்தவில்லை.