கருகல் ஒட்டிய ஓடு

யதுர்ஷிகா எந்த வேலையையும் பாதியில் விடமாட்டாள். அதுதான் வினையாய்ப் போயிற்று. பழைய அகழ்வுகளில் கிடைத்த பானை ஓடுகளைப் பல்கலைக்கழகம் ஓமந்தையில் ஒரு வாடகை வீட்டில் வைத்திருந்தது. அவற்றைக் கழுவச் சொன்னார்கள். முரசுமோட்டை வீட்டில் கரிப்பானை தேய்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? தேங்காய்ப் பொச்சு எடுத்துத் தேய்தேய் என்று தேய்த்து, பொட்டுக் கறுப்பில்லாமல் காயவைத்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்து நின்றாள்.

வந்து பார்த்த கௌசலா தலையில் கை வைத்தபடி கதிரையில் இருந்துவிட்டாள். அவள் ஆய்வு மாணவி. இரண்டாம் வருட யதுர்ஷிகாவைப் பழக்கி எடுக்கும் பொறுப்பும் அவளுடையதுதான்.

"உள்ளுக்கு அடிப்பிடிச்சிருந்த கருகல் எங்கையடி?"

"அழுக்கெண்டு உரஞ்சிப்போட்டன் அக்கா."

"அந்தக் காலத்துச் சனம் என்ன காய்ச்சிச் சாப்பிட்டதெண்டு அதிலைதான் பாக்கிறது. என்ரை ஆராய்ச்சியே அதுதான். முதலே சொல்லாமல் விட்டது என்ரை பிழை. எண்டாலும் இனி ஓட்டிலை கை வைக்காதை."

யதுர்ஷிகா குசினிக்குள் போய் அழுதாள். கைவேலையை விட்டால் இந்தப் படிப்பில் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அக்கா, நான் தேய்ச்ச கருகல் ஓடுகளிலை விளிம்புக்குக் கீழை ரெண்டு கீறு, வெளியிலை மணல் சொரசொரப்பு. அந்தப் பானையை எனக்கு நல்லாத் தெரியும். சண்டைக்கால இடம்பெயர்வுக்குள்ளை கலைஞ்ச பெட்டியளிலை மிச்சம் கிடக்கலாம்."

"அதுகளை ஒருத்தரும் திறக்கிறேல்லை. எல்லாம் கலந்துபோய்க் கிடக்கு."

"திறப்பம். நீங்கள் எடுத்துக் காட்டுங்கோ, நான் தொடாமல் பாக்கிறன்."

அப்படியே செய்தார்கள். கௌசலா ஓடு ஓடாகத் தூக்கிக் காட்ட, யதுர்ஷிகா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு "இல்லை, இல்லை" என்றாள். பெட்டி பெட்டியாகப் போயிற்று. கௌசலாவுக்கு இடுப்பு விட்டுப்போனது. "காணுமடி, நிப்பாட்டுவம்" என்றாள். இவள் விடுவதாயில்லை.

கடைசி வரிசைப் பெட்டியொன்றில் ஒரு மண் படிந்த ஓடு. யதுர்ஷிகா குனிந்தாள்.

"கீறு சரி அக்கா. ஆனால் தொட்டுப் பாத்தால்தான் சொல்லலாம்."

கௌசலா அவளைப் பார்த்தாள், ஓட்டைப் பார்த்தாள். பிறகு நீட்டினாள்.

யதுர்ஷிகா வெளிப்பக்கத்தை மட்டும் விரலால் தடவினாள். அதே சொரசொரப்பு. தான் தேய்த்த ஓடொன்றைப் பக்கத்தில் வைத்தாள். உடைந்த விளிம்புகள் இரண்டும் இடைவெளியில்லாமல் பொருந்தின. உள்ளே கருகல் அப்படியே இருந்தது.

கருகல் கெடாமல் ஓட்டைச் சுற்றிவைக்கும் அலுமினியத் தாளைக் கௌசலா அவள் பக்கம் தள்ளினாள்.

"நீயே சுத்து. கழுவிக் கிழுவிப் போடாதை."

கௌசலா சிரித்தாள். யதுர்ஷிகா சிரிக்கவில்லை. கருகலில் விரல் படாமல் சுற்றி முடித்துவிட்டு, அடுத்த பெட்டியைத் தானே திறந்தாள்.