ஒரு தலை கூடுதல்

1

இந்தக் கதை நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. 1981 பிப்ரவரியில், புதூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுத்த வாத்தியார் நான். ஊரில் இல்லாத ஒருவரை இருப்பதாக எழுதினேன்.

2

முதல் தொடக்கம்: 'மாநகரங்கள் வீங்குகின்றன, கிராமங்களோ...' (அடித்துவிட்டேன். கதையா, மேடைப் பேச்சா?)

இரண்டாவது: சுடலையம்மாள் வாசலில் அடுப்பெரிக்கப் பருத்திமார் ஒடித்துக்கொண்டிருந்தாள். இது நிஜம். வீட்டில் அவள் ஒருத்திதான். புருஷன் ஏழு வருஷத்துக்கு முன்பு, மழை பொய்த்தபோது பம்பாய்க்குப் போனவர். மூன்று வருஷமாகக் கடிதாசி இல்லை. அவரையும் எழுதச் சொன்னாள். பேர் கேட்டேன். புருஷன் பேரை வாயால் சொல்வாளா? பக்கத்து வீட்டுச் சீனித்தாய்தான் "கடற்கரை" என்றாள்.

இங்கே தங்காதவரை எழுதக் கூடாது என்று சுடலையம்மாளிடம் விளக்கினேன்.

"அங்கன பிளாட்பாரத்துல கெடக்கவியள யாரு சார் எழுதுவா? நீங்களும் விட்டுட்டா, அவிய இல்லேன்னு ஆயிராதா?"

எழுதிவிட்டேன்.

[பம்பாய் எத்தனை லட்சம் பெருத்தது என்பது கணக்கில் வந்துவிடும். வந்தவரிடம் எங்கிருந்து வந்தாய் என்று கேட்கப் படிவத்தில் இடம் உண்டு. இருப்பவரிடம் யார் போனார்கள் என்று கேட்க இடமே இல்லை. நானும் கோவில்பட்டியில் வாடகை அறையில் ஒற்றை ஆளாகச் சோறு பொங்குகிறவன். அதனால்தான் மனசு இளகியதோ என்னவோ.]

3

மார்ச் முதல் வாரம் அதே வீடுகளுக்கு மறுபடி போய், இடையில் பிறப்பு இறப்பு உண்டா என்று கேட்க வேண்டும்.

மணியாச்சியில் ரயில் மாறி, தகரப் பெட்டியோடு கடற்கரை ஊர் திரும்பி... (வேண்டாம். பச்சைப் பொய்.)

நடந்தது இது. பம்பாயிலிருந்து தன் தங்கை கல்யாணத்துக்கு வந்த உள்ளூர்ப் பையன் பாக்கியசாமி, கடற்கரையைத் தாராவியில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறான். கணக்கெடுக்க வந்தவர்கள் அவரை எழுதிப்போனார்களாம். கூடவே ஒரு பெண்ணையும் இரண்டு பிள்ளைகளையும்.

"அங்கன எழுதிட்டாவளாம் சார். ரெண்டு எடத்துல இருந்தா தப்புல்லா? கடற்கரைன்னு எழுதிருக்கீங்கல்லா, அத அடிச்சிருங்க."

பேரைச் சுடலையம்மாளே சொன்னாள். சீனித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். அடித்தேன்.

4

இத்தோடு முடித்திருப்பேன். அவள் விடவில்லை. தனக்கு என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். மணமானவர் என்றேன். வேறு என்னவெல்லாம் போடலாம் என்று கேட்டாள். மணமாகாதவர், துணையை இழந்தவர், பிரிந்தவர் என்று வாசித்தேன்.

"பிரியுததுன்னா ரெண்டு பேரும் பேசிப் பிரியணும்லா சார்? எங்கிட்ட யாரு கேட்டா?"

இதற்குமேல் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவள் அழுகிறாள். அவள் அழவே இல்லை. அழுத்தமாக நின்றுகொண்டிருந்தாள், நான் எழுதட்டும் என்று.

இந்த நாலில் எது என்று என்னால் எழுத முடியவில்லை. படிவத்தையும் பேனாவையும் உங்களிடம் தருகிறேன். அவளைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள்.