இடப்பக்கம் போகும் அம்பு

1

இந்தக் கதை எனக்குப் பூதலூர் ரயில் நிலையத்தில் கிடைத்தது. பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பேர் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். "எங்க ஊரு சாமி வெவரமானவருங்க. விஜயதசமி அன்னிக்கு வடக்கே பாத்து அம்பு விடுவாரு. அது வருஷா வருஷம் பண்ணையார் வயல்லயே போயி விழும்" என்றார் ஒருவர். மற்றவர் சிரித்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். நான் ஏற வேண்டிய வண்டி வந்தது, நின்றது, போயும்விட்டது. அந்த அம்பு ஏன் அங்கே போய் விழுகிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று!

எதற்கும் உதவாத படிப்பு என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே வில், அம்பு பற்றிப் படித்து வைத்தவன் நான். உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கேளுங்கள். பழைய வில்லின் நடுவில் அம்பு போக வழி கிடையாது. அம்பு வில்லின் இடப்புறத்தை ஒட்டித்தான் நிற்கும். நாணை விட்டதும், வில்லின் வயிற்றைச் சுற்றி விரால் மீன் மாதிரி நெளிந்து தாண்டி, அப்புறம்தான் நேராகும். நெளிய மறுக்கிற விறைத்த அம்பு இடப்பக்கம் ஒதுங்கிவிடும். ரொம்பத் துவளுகிற அம்பு வலப்பக்கம் போய்விடும். அந்த வில்லுக்கென்று அளவாக வளைகிற அம்பு மட்டும்தான் குறி பார்த்த இடத்துக்குப் போகும்.

சாமி பாவம், வடக்கேதான் விடுகிறார். கோளாறு அம்பில் இருக்கிறது.

2

முதல் வரி இப்படி எழுதினேன்: காவிரித்தாய் நடைபயிலும் சோழவளநாட்டிலே

[அடித்துவிட்டேன். கதை நடப்பது எழுபதுகளின் தொடக்கம். அப்போது மேடைக்கு மேடை இந்த வரி ஓடியது. வாய்க்காலில் தண்ணீர்தான் ஓடவில்லை.]

இரண்டாவது: மிராசுதார் இராஜாங்கம் மீசையை முறுக்கிக்கொண்டு

[வேண்டாம். மீசையை முறுக்காத மிராசுதாரிடம்தான் எனக்குப் பயம்.]

மூன்றாவது: வைரக்கண்ணுவின் மடியில் சாமியின் வில் கிடந்தது.

ஆங், இது நிற்கிறது. இதிலேயே போவோம்.

3

வைரக்கண்ணுவின் மடியில் சாமியின் வில் கிடந்தது. மராட்டிய ராஜா காலத்து வில் என்று ஊரில் சொல்வார்கள். இரண்டு நுனியும் வெளிப்பக்கம் மடங்கி, நாண் ஏற்றாதபோது வேறு ஏதோ சாமான் மாதிரி இருக்கும். நவராத்திரிக்கு முன்னால் அதற்கு எண்ணெய் தடவி, நாண் கட்டி, அம்பும் செய்து கொடுப்பது வைரக்கண்ணு குடும்பத்துக்கு விட்ட வேலை.*

* கோயில் வில்லைச் சேரித் தெருவுக்குக் கொடுப்பார்களா என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறவரை கொடுப்பார்கள். திரும்பி வந்ததும் மஞ்சத்தண்ணி தெளித்துக்கொள்வார்கள்.

அந்த ஊர்ச் சட்டம் இது: அம்பு யார் வயலில் விழுகிறதோ அந்த வயலுக்குத்தான் முதல் மடை. அவர்கள் நிலம் முழுக்கப் பாய்ந்து முடிந்த பிறகே அடுத்தவர் மடையைத் திறக்கலாம். சாமி நிற்கிற பொட்டலுக்கு இடப்பக்கம் முழுக்க இராஜாங்கத்தின் நிலம். அவருக்குப் பாய்ந்து முடிவதற்குள் மற்றவன் பயிர் வைக்கோலாகிவிடும்.

இத்தனை காலம் வைரக்கண்ணுவுக்கு அதில் ஒன்றும் இல்லை, அவனுக்கு வயலே இல்லாததால். உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தில் போன வருஷம் ஒரு ஏக்கர் அவன் பெண்டாட்டி செவ்வந்தி பேருக்குப் பட்டா ஆனது. வாய்க்காலுக்கு அக்கரையில், பொட்டலுக்கு நேர் வடக்கில். சம்பா நட்டாயிற்று, மழை ஏமாற்றிவிட்டது, வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்றே பாய்ந்தால் பயிர் பிழைக்கும். இல்லாவிட்டால் மாட்டுக்கு.

"சாமி நம்ம வயலைப் பாத்துத்தான் விடுறாரு, இடையில எவன் கெடுக்குறான்?" என்று வில்லைப் பார்த்துக் கேட்டான் வைரக்கண்ணு. கேட்டுவிட்டு, தான் செய்த அம்பைப் பார்த்தான். 'சாமிக்கு அம்பு கெட்டியா இருக்கணும்' என்று இராஜாங்கத்தின் அப்பா காலத்திலிருந்து சொல்லிச் சொல்லி, தடித்த மூங்கிலில் உலக்கை மாதிரி செய்துகொண்டிருந்தான்.

[இராஜாங்கத்துக்கு இந்தச் சூட்சுமம் தெரியுமா? இரண்டு நாள் இதிலேயே மாட்டிக்கொண்டு நின்றேன். தெரியும் என்று வைத்தால் கதை சுலபம், அவர் வில்லன். ஆனால் அவருக்குத் தெரியாது. சாமிக்குத் தன்மேல் தனிப் பிரியம் என்று மனதார நம்புகிறார். வருஷா வருஷம் கண்கலங்கிக் கும்பிடுகிறார். இந்த ஆளை என்ன செய்வது, சொல்லுங்கள்.]

4

இனிமேல் வருகிற பகுதிக்காகத்தான் நான் இந்தக் கதையையே எழுதுகிறேன். குறுக்கே பேசாதீர்கள்.

விடிந்ததும் ஆற்று மணல் திட்டுக்குப் போனான் வைரக்கண்ணு. கண்ணாடிச் சில்லால் மூங்கிலைச் சுரண்டிச் சுரண்டி மெல்லிசாக்கினான். இறகு கட்டவில்லை. இறகு கட்டின அம்பு பறக்கும்போதே தன் தப்பை மூடிக்கொள்ளும். மொட்டை அம்புதான் உண்மையைக் கக்கும். [எனக்கு உவமைதான் இறகு. விராலை ஏற்கெனவே செலவழித்துவிட்டேன், இங்கே கிடையாது.]

முதல் அம்பு இடப்பக்கம் போனது. சுரண்டினான். மறுபடி இடம், ஆனால் கொஞ்சம் கிட்டே! இன்னும் சுரண்டினான். தான் ரொம்பக் கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு வந்துவிட்டதால் கை நிற்கவில்லை. அடுத்த அம்பு வலப்பக்கம் துள்ளிப் போய் ஆற்று மடுவில் விழுந்தது. அதை நீந்தி எடுத்துவந்து, முனையில் ஒரு விரற்கடை நறுக்கினான். குட்டையானால் விறைப்பு கூடும். நாணை இழுத்தான். விட்டான்.

நேராகப் போனது. நட்டு வைத்திருந்த வாழைமரத்தின் நடுவில் 'சொத்'தென்று குத்திக்கொண்டு நின்றது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் ஒரு ஆட்டம் போட்டான். நானும் இங்கே பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். அளவாக வளைந்தால் நேராகப் போகலாம் என்பது எப்பேர்ப்பட்ட சங்கதி!

செவ்வந்தி கஞ்சி கொண்டுவந்தவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"ஏய்யா, அன்னிக்கு வில்லை இழுக்கப்போறது நீயா?"

"குருக்களு."

"அமிர்தலிங்க குருக்களுக்கு முழங்கை நெஞ்சுக்கு மேல வராது. நீ காதுவரைக்கும் இழுக்குறே. இந்த அம்பு அவரு கையில அதே மாதிரியா போவும்?"

போகாது. குறைத்து இழுத்தால் அம்பு குறைவாகத்தான் வளையும். குறைவாக வளைந்தால் விறைத்த அம்பின் கதைதான், மறுபடி இடப்பக்கம். வைரக்கண்ணு தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அப்புறம் எழுந்து, முனையில் கனமான பித்தளைக் கூராகப் பார்த்து மாட்டினான். முன்பாரம் கூடினால் வளைவும் கூடும். முழங்கையை நெஞ்சோடு நிறுத்தி, குருக்கள் மாதிரியே வாயைக் கோணிக்கொண்டு இழுத்து விட்டான். வாழைமரம். மறுபடியும் வாழைமரம். கொக்கு இறகை எடுத்துக் கட்டினான்.

"இந்த வருஷம் முதல் மடை நமக்குத்தான் புள்ள" என்றான்.

5

முடிவுகளைத் தயாராக வைத்திருந்தேன்.

(அ) அம்பு செவ்வந்தி வயலில் விழுகிறது. இராஜாங்கம் வாயடைத்துப்போகிறார். ஊரே

(ஆ) அம்பு வாய்க்காலில் விழுந்து, யாருக்கும் இல்லாமல், மிதந்து

(இ) கடைசி நேரத்தில் காற்று

செவ்வந்தி என்னை இதில் ஒன்றையும் முடிக்க விடவில்லை. விஜயதசமிக்கு முதல் நாள் காலையில், நான் எழுதாத ஒரு பேச்சைப் பேசினாள்.

"இந்த வருஷம் நீ செதுக்குனே, நம்ம வயல்ல விழும். அடுத்த வருஷம் அவரு வேற ஆளை வச்சுச் செதுக்குவாரு. அப்ப எங்க போயி நிப்பே?"

"அதுக்காக வந்த தண்ணியை வேண்டாங்குறியா?"

"தண்ணி வேணாம்னு யாரு சொன்னா? பட்டாவுல என்ன அம்பு படமா போட்டிருக்கு? நாளைக்கு வாய்க்கால்ல தண்ணி வரும். நான் போயி என் மடையை வெட்டிக்கிறேன். நீ எந்த அம்பை வேணாலும் குடு, எனக்கு அதைப் பத்திக் கவலை இல்ல."

"பாத்தாங்கன்னா உன்னை உரிச்சுப்புடுவாங்க."

"அந்தப் பயிரு காய்ஞ்சா மட்டும் நான் உசுரோட இருக்கப்போறனாக்கும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டிக்குக் காம்பு தேடப் போனாள்.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, பொய் சொல்வானேன். இவ்வளவு பாடுபட்டு அம்பு செய்திருக்கிறோம், அம்மா!

6

விஜயதசமி சாயங்காலம். பொட்டலில் ஊரே கூடி நிற்கிறது. குதிரை வாகனத்தில் சாமி, பக்கத்தில் கைகூப்பியபடி இராஜாங்கம், மேளம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. அம்பு விழாமல் மடை திறக்கக் கூடாது என்பதால் எல்லா மடையும் அடைத்துக் கிடக்கிறது, ஒன்றைத் தவிர. அக்கரையில் நாணல் மறைவில் செவ்வந்தி குனிந்து வெட்டிக்கொண்டிருக்கிறாள். இத்தனை ஜனமும் சாமியைப் பார்க்கிறது. வைரக்கண்ணு மட்டும் அவளைப் பார்க்கிறான்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எனக்கும் அப்போதுதான், சத்தியமாக.

அம்பு விட்டதும் ஊர் முழுக்க அது போகிற திசையில் தலையைத் திருப்பும். அவன் உயிரைக் கொடுத்துச் செய்த அம்பு நேராகப் போகும். நேராகப் போனால் ஊர் மொத்தமும் செவ்வந்தியை, கையில் மண்வெட்டியோடு, சாமி சொல்வதற்கு முன்னாலேயே வெட்டின மடையோடு பார்க்கும். பழைய கெட்டி அம்பு இடப்பக்கம் போகும். எல்லாக் கண்ணும் அதன் பின்னால் போய்விடும். அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அவள் பாய்ச்சுவது திருட்டுத் தண்ணீர் ஆகிவிடும், சட்டம் அப்படியே இருக்கும்.

அவன் இடுப்புத் துண்டில் இரண்டு அம்பும் இருக்கின்றன. வீரத்துக்கு ஒன்று செய்தவன், பயத்துக்குப் போன வருஷத்து அம்பு ஒன்றையும் செருகிக்கொண்டுதான் வந்திருக்கிறான். ஒன்றை எடுத்துத் தரையில் விரித்த வாழையிலையில் வைக்க வேண்டும். கையில் கொடுக்கக் கூடாது. இலையிலிருந்து குருக்கள் எடுத்துக்கொள்வார்.

"வைடா" என்கிறார் இராஜாங்கம், அன்பாகத்தான்.

எதையும் வைக்காமல் வைரக்கண்ணு சும்மா நிற்கலாம். அப்போது ஊர் வடக்கேயும் பார்க்காது, இடப்பக்கமும் பார்க்காது. அவனைத்தான் பார்க்கும். பார்த்துவிட்டு என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

இதற்கு மேல் என்னை நம்பாதீர்கள். ரயிலை விட்டதிலிருந்து அந்த அம்பு நேராகப் பறப்பதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்குக் கை துடிக்கிறது. என்னிடம் விட்டால் அதைத்தான் வைப்பேன், செவ்வந்திக்கு என்ன ஆனாலும். ஆகவே இலை உங்கள் முன்னால்தான் விரிந்திருக்கிறது. குருக்கள் குனிந்து காத்திருக்கிறார், மேளம் நின்றுவிட்டது.

அக்கரையில் தண்ணீர் இன்னும் பாதி வயல்தான் ஏறியிருக்கிறது.