சிரட்டையோடு அரைக்கும் மிக்ஸி

எனக்கும் என் மச்சினன் மீரானுக்கும் நாகல் நகரில் எதிரெதிரே மிக்ஸி, கிரைண்டர் கடை. நடுவில் இருபதடி ரோடு. அதைத் தாண்டிப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கண்ணில் புரை விழுந்தது. டாக்டர் வயசு என்றார். நான் மீரான் கடைக் கூட்டம் என்றேன்.

அவனிடம் அப்படி என்ன இருக்கிறது? "இது என்னென்ன அரைக்கும்?" என்று கேட்டால் கம்பெனி புத்தகத்தை விரித்து விரலால் காட்டுவான். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அதற்குப் போய் சனம் படியில் நெரியும். என் வீட்டுக்காரி பக்ருன்னிசா வேறு, சோறு போடும்போதெல்லாம், "எந் தம்பியப் பாருங்க, வாயத் தொறக்காமயே யாவாரம் பண்றான்" என்பாள். அந்தச் சோறு எப்படி இறங்கும்?

போன ஆடியில் எரியோட்டிலிருந்து ராமுத்தாய் என்று ஒரு தோட்டக்காரம்மா மிக்ஸி வாங்க வந்தது. மீரான் கடைப் படியில் ஒரு காலை வைத்தும் விட்டது. நான் கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

"தாயி, இங்கிட்டு வா. அங்க இருக்கறது சட்னி அரைக்கிற மிக்ஸி. எங்கிட்ட இருக்கறதுதான் மிக்ஸி."

"என்னண்ணே வித்தியாசம்?"

"ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல ஒரு மொதலாளி, தேங்கா மூடியச் சிரட்டையோட போட்டு ஓட்டுனாரு. ஒரு பக்கம் சட்னி வந்துச்சு." எதிரே மீரான் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னொரு பக்கம் அகப்பை வந்துச்சு. காம்பு மட்டும் அவரே போட்டுக்கிட்டாரு."

ராமுத்தாய் சிரிக்கவில்லை. "அகப்பை வேணாம்ணே. சிரட்டையோட அரைக்கும்னு மட்டும் பில்லுல எழுதிக் குடுங்க."

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். மீரான் பார்க்கிறானே என்று கடை முத்திரையையும் ஓங்கிக் குத்தினேன்.

மறுநாளே ராமுத்தாய் சிரட்டையோடு போட்டுப் பார்த்துவிட்டது. ஜார் வெடித்து உள்ளங்கையில் நாலு தையல். மூடி கூரை ஷீட்டைப் பொத்துக்கொண்டு போனது. அது வேடசந்தூரில் போய் விழுந்தது என்பது நான் பின்னால் சேர்த்தது. வழக்கில் அது இல்லை.

நுகர்வோர் கமிஷனிலிருந்து நோட்டீஸ் வந்ததும் வக்கீல் பானுப்ரியாவிடம் ஓடினேன். பில்லைப் பார்த்து அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டது.

"பாய், முன்ன மாதிரி இல்ல. இப்ப இருக்கற நுகர்வோர் சட்டத்துல, வித்த பொருளால காயம் பட்டா யாரு பொறுப்புன்னு தனி அத்தியாயமே இருக்கு. கம்பெனி சொல்லாததை வித்தவரே சொல்லி, அது இல்லாமப் போயி அடிபட்டா, வித்தவருதான் மாட்டுவாரு."

"மீரான் வித்திருந்தா?"

"அவருதான் புத்தகத்தத் தாண்டறதில்லையே. இந்தப் பிரிவு அவரத் தொடாது."

சட்டத்திலும் அவன்தான் முந்தி.

"வேடிக்கைக்கு எழுதுனேன், அது கட்டுக்கதைன்னு கமிஷன்ல ஒத்துக்கங்க. தொகையக் கொறைக்கவாச்சும் கேட்டுப் பாக்கலாம்" என்றது பானுப்ரியா. தலையாட்டினேன்.

விசாரணை அன்று பார்த்தால் பின் பெஞ்சில் பக்ருன்னிசா பக்கத்தில் மீரான். அக்காவுக்குத் துணையாக வந்தானாம்.

"இதை வேடிக்கையாகத்தான் எழுதினீர்களா?" என்று கமிஷன் தலைவர் கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். மீரான் முகத்தில் இரக்கம். இருபது வருஷப் பொறாமையைத் தின்று செரித்தவன் நான். அவன் இரக்கம் செரிக்காது.

"இல்லீங்கய்யா. அம்புட்டும் நெசம்."

பானுப்ரியா நெற்றியில் கை வைத்தது.

"அந்த ஒட்டன்சத்திரம் முதலாளியை அழைத்துவர முடியுமா?"

"கேரளா லாரியில ஏறுனவருங்கய்யா. இன்னும் எறங்கல."

கம்பெனியை விட்டுவிட்டார்கள். தையலுக்கும் ஷீட்டுக்கும் பட்ட அவதிக்கும் முழுசாக நானே கொடுக்கணும் என்று தீர்ப்பு. என் ஒரு மாச வியாபாரம் போனது. "வேடிக்கைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன மச்சான்?" என்றான் மீரான். நான் பஸ் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

பணம் கைக்குப் போன மூணாம் நாள் ராமுத்தாய் புது மிக்ஸி வாங்க வந்தது. நேரே மீரான் கடைக்கு. என் காசு, என் கண் முன்னாலேயே அவன் கல்லாவுக்குப் போகிறது. அவன் புத்தகத்தை விரித்தான்.

"இத எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாங்கண்ணே."

"நான் எதும் எழுதறதில்ல தாயி. எல்லாம் கம்பெனிதான்."

"நாளைக்கு ஒண்ணுன்னா கம்பெனிய நான் எங்கிட்டுப் போய்த் தேட? எதுத்தாப்புல இருக்கறவரு பொய்யவே எழுதுனாலும் கையெழுத்துப் போட்டாரு. அதான் பிடிக்க முடிஞ்சுச்சு."

இருபதடி ரோட்டைத் தாண்டி வந்துவிட்டது.

பில் புத்தகத்தை எடுத்தேன். தீர்ப்புக்குப் பிறகு கடையிலேயே உட்காரும் பக்ருன்னிசா பேனாவை நீட்டினாள். 'தேங்காயை உடைத்து, சிரட்டையை எடுத்துவிட்டு, கீறிப் போடவும். சட்னி வரும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் ஆயுளில் இம்புட்டுச் சப்பென்று நான் எதையும் எழுதியதில்லை. எதிரே மீரான் வாசலுக்கே வந்து நின்று பார்த்தான். அவன் முகத்தில், நான் சவரம் பண்ணும்போது தினமும் கண்ணாடியில் பார்க்கிற அதே கடுகடுப்பு.

அதைப் பார்த்ததும் கீழே சின்னதாக இன்னொரு வரி சேர்க்கலாமே என்று கை துறுதுறுத்தது.

பக்ருன்னிசா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.