மைத்துரைக்குக் கண் திறந்தவர்

சிவகுருநாதர் கோணலாக ஒரு கோடு போட்டு யாரும் பார்த்ததில்லை. கோலாலம்பூர் ரயில்வேயில் பதினோரு வருஷமாகப் பாலத்துக்கும் தண்டவாளத்துக்கும் வரைபடம் போடுகிறவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். முருங்கைக்காய்த் துண்டுகள் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால் கறிச்சட்டியை ஒரு மாதிரியாகப் பார்ப்பார் என்று அவர் மனைவி புனிதவதி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்ட மனுஷர் ஒரு தகரக் கொட்டகைப் படத்தில் வந்த மைப் பொம்மையிடம் போய் மாட்டிக்கொண்டார். விதி என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அவருடைய கெட்டிக்காரத்தனம்தான் காரணம்.

1929ஆம் வருஷம். படங்கள் வாய் திறந்து பேசாத காலம். பழனியப்பன் என்பவருக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு படக்கொட்டகையும் கிள்ளானில் இன்னொன்றும் இருந்தன. சிங்கப்பூரிலிருந்து வரும் படம் முதலில் இங்கே ஓடும், பிறகு ரயிலேறிக் கிள்ளானுக்குப் போகும். படத்தோடு ஆபரேட்டர் தம்புசாமியும் போவார். அந்த வருஷம் பெரிய படத்துக்குப் பின்னால் காட்ட ஒரு சின்ன வேடிக்கைப் படம் வந்தது. பெரிய படத்தை யாரும் சீண்டவில்லை. சின்னப் படத்துக்குத்தான் கூட்டம்.

அதில் ஒரு வெள்ளைக்காரத் தையல்காரர் வருவார். நிஜ மனுஷர், வழுக்கைத் தலை, வாயில் ஊசி. அவர் கடைக்கு ஒருவர் சட்டை தைக்க வருவார். அவர் மனுஷரே அல்ல. மையால் வரைந்த உருவம். தொப்பி உண்டு, மீசை உண்டு, உள்ளே ஒன்றும் கிடையாது. தையல்காரர் அளவு எடுப்பார், நாடா அந்த உருவத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்து விழும். கட்டிப்பிடித்து அளக்கப் பார்ப்பார், தானே தரையில் விழுவார். கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடிவிடுவார். வெள்ளைச் சுவருக்கு முன்னால் மை உருவம் மட்டும் தனியாக நிற்கும். சனங்களைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கும். கொட்டகையே அதிரும். மைத்துரை என்று பெயர் வைத்ததும் அந்தச் சனங்கள்தான்.

நாலாம் நாள் ரீல் இயந்திரத்தில் சிக்கி, அந்தத் தொப்பி தூக்கும் இடம் மட்டும் பொசுங்கிப் போயிற்று. மூன்று அடி நீளம். பழனியப்பன் நேரே சிவகுருநாதர் வீட்டுக்கு ஓடிவந்தார். அந்த ஊரில் ஆபீஸ் உத்தியோகஸ்தர் எல்லோருக்கும் கிராணி என்றே பெயர்.

"கிராணி ஐயா, அந்த இடத்துலதான் சனங்க விழுந்து விழுந்து சிரிக்குது. அது இல்லாம ஓட்டினா கொட்டகையப் பிச்சுப் போட்டுருவாங்க லா. சுவரும் வெள்ளை, பொம்மையும் வெறும் கோடு. உங்க கை நினைச்சா முடியாததா?"

வெறும் பிலிம் மூன்றடியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதில் நாற்பத்தெட்டுக் கட்டங்கள். ஒவ்வொன்றும் தபால் தலை அளவு. சிவகுருநாதருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் அவர் வரைந்த எதுவும் அசைந்ததில்லையே.

பூதக்கண்ணாடியும் மெல்லிய பேனாவுமாக ஒரு வாரம் உட்கார்ந்தார். ஜன்னலில் ஒரு கண்ணாடிப் பலகையை நிறுத்தி, அதில் பிலிமை ஒட்டி, வெளி வெளிச்சத்தில் வரைந்தார். தொப்பி, மீசை, கை எல்லாம் முடிந்தன. கண்மணிகளை மட்டும் கடைசிக்கு வைத்தார். அதற்குக் காரணம் இருந்தது. நாற்பத்தெட்டுக் கட்டங்களிலும் பார்வை ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் திரையில் மைத்துரை கண் துடிக்கிறவர் போல ஆகிவிடுவார். அலுவலகத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. தூரத்தில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு எல்லாக் கோட்டையும் அதை நோக்கி இழுப்பார்கள்.

புள்ளிக்கு எங்கே போவது? முற்றத்தில் கொய்யா மரத்தடியில் அவர் மகள் பூமணி விளையாடிக்கொண்டிருந்தாள். ஏழு வயது, இரட்டைப் பின்னல்.

"பிள்ளை, அதிலயே ஆடாம நில்லு. அப்பா இந்தத் துரைக்குக் கண் வைக்கப் போறன்."

புனிதவதி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் கோயில் கும்பாபிஷேகத்தில் இருவரும் பார்த்ததுதான். ஸ்தபதி திரைக்குப் பின்னால் விக்கிரகத்துக்குக் கண் திறந்தார். திறந்ததும் முதலில் கண்ணாடியைக் காட்டினார்கள், பிறகு கன்றோடு பசுவைக் காட்டினார்கள். அதுவரை எதிரே ஒரு குஞ்சு குருமானை விடவில்லை.

"இஞ்சாருங்கோ, கண் திறக்கிற நேரம் பிள்ளையை முன்னால நிப்பாட்டலாமோ?"

"இது என்ன சாமியோ? சட்டை தைக்க வந்த பொம்மை," என்று சொல்லிச் சிரித்துவிட்டு, சிவகுருநாதர் தொண்ணூற்றாறு கண்மணிகளையும் ஒரே இருப்பில் வைத்து முடித்தார். ஒவ்வொன்றையும் மகளின் முகத்துக்கு நேராகக் குறிபார்த்து வைத்தார். நல்ல வெயில் நேரம். பூமணி சொன்ன சொல் தட்டாமல் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போனார்கள். தம்புசாமி ஒட்டிய இடம் யாருக்கும் தெரியவில்லை. தையல்காரர் உள்ளே ஓடினார், மைத்துரை தொப்பியைத் தூக்கினார், கொட்டகை வழக்கம்போல அதிர்ந்தது. சிவகுருநாதருக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்பா, மைத்துரை என்னைத்தான் பாக்கிறார்," என்றாள் பூமணி.

"ஓம் பிள்ளை. அப்பா அப்பிடித்தான் கீறினது."

அடுத்த ஞாயிறு, முன்பு உட்கார்ந்த இடது பக்கத்தில் இடமில்லை. வலது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மைத்துரையின் கண்கள் வலது ஓரத்துக்கு வந்திருந்தன. சிவகுருநாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். படத்தில் இருக்கிற கண் எங்கே உட்கார்ந்தாலும் நம்மைப் பார்க்கிற மாதிரித்தான் தோன்றும் என்று மனசைத் தேற்றப் பார்த்தார். ஆனால் அந்தக் கண்கள் அவரைப் பார்க்கவில்லை. புனிதவதியையும் பார்க்கவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்த சின்ன முகத்தில் நிலைகுத்தி நின்றன. மைத்துரையின் காலடியில் ஒரு சாம்பல் நிறக் கறை இருந்தது. அதை அவர் வரையவில்லை.

அன்றிரவு பூமணியைத் தூக்கித் தொட்டிலுக்குப் பக்கத்துப் பாயில் விட்ட புனிதவதி, பிள்ளை மெலிந்துவிட்டதாகச் சொன்னாள். தொட்டில் காலி, அதில் படுக்க வேண்டிய இரண்டாவது குழந்தை பிறந்து ஒன்பதாம் நாளே போய்விட்டிருந்தது. அந்த வீட்டில் பூமணியைத் தவிர வேறு பேச்சு கிடையாது என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு அவர் தனியாகப் போனார். அது பிரிக்பீல்ட்ஸில் படத்துக்குக் கடைசி நாள். மகளை வீட்டில் விட்டு வந்தாயிற்று, இனி அந்தக் கண் எங்கே போகும் பார்க்கலாம் என்று ஒரு வீம்பு. மைத்துரை தொப்பியைத் தூக்கினார். அவர் பார்வை சனங்களின் தலைக்கு மேலே போயிற்று. பின்சுவரில் ஒரு மூலையைப் பார்த்து நின்றது. சிவகுருநாதர் திசை தெரிந்த மனிதர். அந்த மூலையிலிருந்து நேராகக் கோடு இழுத்தால் எங்கே போய் முட்டும் என்று அவருக்கு அளவுகோல் இல்லாமலே தெரிந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸ், மூன்றாம் வரிசை, கொய்யா மரம்.

வெள்ளைச் சுவரில் மைத்துரைக்குப் பின்னால் இப்போது தெளிவாக ஒரு நிழல் இருந்தது. மைத்துரையின் நிழல் என்றால் தொப்பி இருக்க வேண்டும். அந்த நிழலுக்கு இரட்டைப் பின்னல் இருந்தது. சுற்றிலும் சனங்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து ஓடினார்.

வாசலிலேயே புனிதவதி நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"பிள்ளையைக் கொஞ்சம் வந்து பாருங்கோ."

முற்றத்தில் நாலரை மணி வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. கொடியில் காய்ந்த சேலையின் நிழல் தரையில் ஆடியது. கொய்யா மரத்தின் நிழல் கிணற்றடி வரை நீண்டு கிடந்தது. நடுவில் பூமணி நின்றாள். அவள் காலடியில் வெறும் வெயில்தான் கிடந்தது.

"பிள்ளைக்கு நிழல் விழேல்லை," என்றாள் புனிதவதி. "என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

அவர் ஓடிப்போய் மகளைத் தூக்கினார். துவைத்து உலர்ந்த துணியைத் தூக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கழுத்தில் வைத்த அவள் கையில் சூடு இல்லை. "அப்பா, அவருக்குச் சட்டை அளவு வேணுமாம். என்ர அளவு காணுமாம், அதுவே போதுமாம்," என்றாள். குரல் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி வந்தது. சிவகுருநாதர் அவளைப் புனிதவதியின் கையில் கொடுத்தார். மறுபடி கொட்டகைக்கு ஓடினார். ஆட்டம் முடிந்து, தம்புசாமி பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டிருந்தார். திங்கட்கிழமை மாலை கிள்ளானில் முதல் ஆட்டம்.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மறுநாள் அவர் அலுவலகத்துக்குப் போகவில்லை. மைப்புட்டி, பேனா, சவரக் கத்தி, புனிதவதியின் முகம் பார்க்கும் கண்ணாடி, எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு காலை ரயிலில் கிள்ளானுக்குப் போனார்.

தம்புசாமி கொட்டகை மாடியில் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. "நானும் பார்த்தேன் ஐயா. மெஷின்ல ஏதோ அழுக்குன்னு நினைச்சு ரெண்டு தடவை தொடச்சேன்," என்றார். பிறகு கத்தரிக்கோலை எடுத்தார். "அந்த மூணு அடிய வெட்டிக் கொளுத்திப் போட்டுருவோம். பழனியப்பன் ஐயாகிட்ட மறுபடி சிக்கிக்கிச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

சிவகுருநாதர் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். முதல் கட்டம், இரண்டாம் கட்டம், பத்தாம் கட்டம். எல்லாவற்றிலும் எறும்பளவில் ஒரு நிழல், இரட்டைப் பின்னலோடு, சுவரோடு ஒட்டி நின்றது. ஆடாமல் நின்றது. ஆடாமல் நில் என்று சொன்னவர் அவர்தானே. அவர் கை கத்தரிக்கோலை அப்படியே தள்ளிவிட்டது.

"இதைக் கொளுத்தினா என்ர பிள்ளை போயிடும் தம்புசாமி."

ஜன்னலில் பிலிமை ஒட்டினார். சவரக் கத்தி முனையால் தொண்ணூற்றாறு கண்மணிகளையும் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார். மைத்துரை குருடாக நின்றார். ஸ்தபதி செய்தது போலக் கண்ணாடியை ஜன்னலுக்கு வெளியே, பிலிமுக்கு நேர் எதிரே தொங்கவிட்டார். முதல் பார்வை கண்ணாடியில் விழட்டும், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் எண்ணம். பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, முதல் கட்டத்துக்கு இரண்டு கண் வைத்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

கண்கள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. வைத்த மை காய்வதற்குள் ஓரமாக நகர்ந்து, ஜன்னலைத் தாண்டி, பிரிக்பீல்ட்ஸ் இருக்கும் திசையில் போய் நின்றிருந்தன. நிழல் இருந்த இடத்திலேயே இருந்தது.

சாமிக்குத் தன் முகம் போதும். மைத்துரை அளவு கேட்டு வந்தவர், அவருக்கு ஓர் ஆள் வேண்டும். சிவகுருநாதருக்கு அது புரிந்தது. பயந்தார். பயப்படவில்லை என்று எழுதினால் அது பொய். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே ஒரு மாட்டுவண்டி தன் நிழலை இழுத்துக்கொண்டு போயிற்று. பிறகு அந்த இரண்டு புள்ளிகளையும் சுரண்டிவிட்டு, நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, கண்ணாடியில் தன் முகம் முழுக்க விழும்படி நேராக உட்கார்ந்தார்.

"ஐயா, வேணாம்," என்றார் தம்புசாமி.

"ஆடாம இருக்கோணும். பேச்சுக் குடுக்காதேங்கோ."

கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைக் குறிபார்த்து ஒவ்வொரு கண்மணியாக வைத்தார். இருபதாம் கட்டத்தில் விரல் நுனி சில்லிட்டது. நாற்பதாம் கட்டத்தில் பேனா கையில் இருப்பதே தெரியவில்லை. கடைசிப் புள்ளியை வைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்தார். மைத்துரை நேராக அவரையே பார்த்தார். பின்னால் இருந்த நிழலுக்குப் பின்னல் இல்லை. ஒட்ட வெட்டிய தலை, மூக்குக்கண்ணாடியின் வளைவு, கோட்டுக் காலர். அளவு நூல் பிசகாமல் பொருந்தியிருந்தது.

மாலை ரயிலில் திரும்பினார். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி நடக்கும்போது சரளைக் கல்லில் அவர் சப்பாத்துச் சத்தமே எழவில்லை. வரிசை வீடுகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. சந்தின் அந்தக் கோடியிலிருந்து யாரோ ஓடிவந்தார்கள். வெளிச்சம் கண்ணைக் கூசியதால் முகம் தெரியவில்லை. ஆனால் ஆளுக்கு முன்னால் நிழல் வந்தது. நீளமாக, கறுப்பாக, இரண்டு பின்னலும் துள்ளத் துள்ள வந்து அவர் காலைத் தொட்டது.

அவர் நடுத்தெருவில் நின்று அழுதார். பூமணி வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கை சூடாக இருந்தது. மோதிய வேகத்தில் அவர் இரண்டு அடி பின்னால் போனார், ஏழு வயதுப் பிள்ளை மோதி.

அவள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள்.

"அப்பா, உங்கட நிழல் எங்க?"

தெருவில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ரயில்வேயில் வேலை முடிந்து வருகிற ஆட்கள், ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் அவரவர் நிழல். பூமணி அவர்களைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். வீட்டுப் பக்கம் திரும்பி நின்றாள். அவள் நிழல் இப்போது அவளுக்குப் பின்னால் விழுந்தது.

"பரவாயில்லை அப்பா. என்ர நிழலுக்குள்ள வாங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் மெதுவாக நடந்தாள், அவர் பின்தங்கிவிடாதபடி. சாயங்கால வெயிலில் நிழல் நீளமாகத்தான் இருந்தது. சிவகுருநாதர் கொஞ்சம் குனிந்துகொண்டு, கால் வெளியே போகாமல் பார்த்துப் பார்த்து, அதற்குள்ளேயே நடந்து வீட்டுக்குப் போனார். நாளை மத்தியானம் என்ன செய்வது என்று இருவருமே கேட்கவில்லை.