ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்

பதினொரு வருட வேலையில் அவள் எழுதிய செய்தி முதல் பக்கத்தில் வந்தது இதுவே முதல் தடவை. பெயரோடு வந்திருந்தது. தரவு அனுப்பும் வேகத்தில் உலக சாதனை. ஒரு நொடியில் பத்தாயிரம் சினிமா. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் தூரம். கீழே வரைபடம். இரண்டு நகரங்கள், நடுவே சிவப்புக் கோடு.

சாதனை நடந்த ஆய்வுக்கூடத்தில்தான் அவள் கணவனுக்கு வேலை. கண்ணாடி இழைகளை இணைப்பவன். செய்தியை இரண்டு முறை படித்துவிட்டுப் பேப்பரை மடித்தான்.

“எப்படி?”

“நல்லாயிருக்கு.”

“நான் முடி வெட்டிக்கிட்டப்பவும் இப்படித்தான் சொன்னீங்க. என்ன தப்பு? சினிமாக் கணக்கா? அது இல்லாம வேகம் யாருக்குப் புரியும்?”

“சினிமா இருக்கட்டும். கோடுதான்.”

“கோட்டுக்கு என்ன?”

“அது எந்த ஊருக்கும் போகலம்மா. எங்க ரூமை விட்டே வெளிய போகல. அறுபது கிலோமீட்டர் இழையை ஒரு உருளையில சுத்தி வச்சிருக்கோம். வெளிச்சம் அதுலயே இருபது தடவை சுத்துது.”

மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

“ஆயிரத்து இருநூறுன்னு தினமும் வந்து சொன்னீங்களே!”

“நீ கண்ணை விரிச்சுக் கேட்ட. ரூம்னு சொன்னா சின்னதாப் போயிடும்னு விட்டுட்டேன்.”

அவள் பேப்பரைப் பிரித்துச் சிவப்புக் கோட்டை மறுபடி பார்த்தாள்.

“விடு. யாரு கவனிக்கப் போறா? நீயாப் போய்ச் சொன்னா இன்னொரு முதல் பக்கம் கிடைக்குமா?”

“கிடைக்காது. உங்க ஆளுங்க நாப்பது பேர் கவனிப்பாங்க. உங்களைப் போட்டு ஓட்டுவாங்க.”

“ஓட்டட்டும்.”

“ஓட்டுவாங்களாம், இவர் கேட்டுக்கிட்டு நிப்பாராம்.” பேனாவை எடுத்தாள். “சொல்லுங்க. அனுப்புற பெட்டிக்கும் வாங்குற பெட்டிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?”

கைகளை விரித்துக் காட்டினான். அது அதிகம் என்று பட்டது. நாற்காலியை இழுத்து அவளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான்.

“இவ்வளவுதான்.”

“அப்புறம் எதுக்கு இத்தனை சுத்து?”

“அவ்வளவு தூரம் போயும் கெடாம வருதான்னு பாக்கத்தான்.”

அதையும் எழுதிக்கொண்டு ஆசிரியருக்குப் போன் போட்டாள்.

“சார், முதல் பக்கத்துல ஒரு தப்பு.”

“உன்னோடது இல்ல, என்னோடதுன்னு சொல்லு,” என்றான் கிசுகிசுப்பாக.

இடது கையால் அவன் வாயைப் பொத்தினாள்.

“என்னோடதுதான் சார்,” என்றாள்.